டீ ட்ரீ ஆயில் முகத்துக்குப் போடுறவங்க கவனத்துக்கு: அனுபவப் பகிர்வு

கலவைமேசை:

"பரு மேல நேரா ஒரு சொட்டு வச்சா காஞ்சிடும்" என்பதுதான் டீ ட்ரீ எண்ணெயைப் பற்றி அதிகம் சுற்றும் யோசனை. காயும், பொய்யில்லை. பருவைச் சுற்றியிருக்கும் நல்ல தோலும் சேர்ந்து வெந்து காயும். பருவுக்குப் பலன் காட்டிய ஆய்வுகளில் இருந்தது தனி எண்ணெய் இல்லை, 5 சதவீத ஜெல். 1990-ல் வெளியான ஆய்வில் 124 பேரிடம் அதையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் பக்கவிளைவு குறைவு. ஆகவே மூன்றே நாளில் பலன் இல்லை என்று அளவைக் கூட்டுவது வீண்.

வீட்டில் கலப்பதென்றால் எடைபோட்டுக் கலக்கவும். 5 சதவீதத்துக்கு 1.5 கிராம் டீ ட்ரீ, 28.5 கிராம் ஜோஜோபா அல்லது ஸ்குவாலேன் (நீர்க்கச் செய்ய உதவும் மென்மையான எண்ணெய்கள்). முகத்துக்கு முதல்முறை என்றால் 2 சதவீதம் போதும்: 0.6 கிராமுக்கு 29.4 கிராம். சொட்டு எண்ணுவதை நம்ப வேண்டாம். மில்லிக்கு 20 சொட்டு என்பது தண்ணீருக்கான கணக்கு. இந்த எண்ணெயில் மூடியின் துளையைப் பொறுத்து 30-ஐயும் தாண்டும். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வாங்கும்போது லேபிளில் டீ ட்ரீயின் தாவரப் பெயரான மெலாலூகா ஆல்டெர்னிஃபோலியா லீஃப் ஆயில் என்று இருக்கிறதா என்று பார்க்கவும். டீ சீட் ஆயில் என்று விற்பது தேயிலை இனத்து விதையைப் பிழிந்த கொழுப்பு எண்ணெய். அது வேறு சரக்கு.

ஜெல்ராணி:

நான் கற்றாழை ஜெல்லில் கலப்பதைப் பற்றி மட்டும் சொல்றேன், ஏன்னா அதிகம் சொதப்புறது அங்கேதான். ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர். டீ ட்ரீ அதில் கரையாது. ஸ்பூனால் கிண்டினா கலந்த மாதிரி தெரியும், மறுநாள் காலையில் மேலே கண்ணாடி மணி மாதிரி குட்டிக் குட்டியாக எண்ணெய் நிற்கும். விரலில் அந்த மணி வந்தால் தோலில் படுவது 2 சதவீதம் இல்லை, ஏறக்குறைய தனி எண்ணெய். அதே டப்பாவை நாலு நாள் ஒன்றுமில்லாமல் போட்டு, அஞ்சாம் நாள் கன்னத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் சுட்டது என்று சொல்றவங்க கதை பெரும்பாலும் இதுதான்.

சரி செய்ய எண்ணெயைத் தண்ணீரோடு சேர்க்கிற பாலிசார்பேட் 20 வேணும். ஒரு பங்கு எண்ணெய்க்கு நாலு பங்கு அது. முதலில் இவை இரண்டையும் தனியாக நன்றாகக் கலந்துட்டு, பிறகு ஜெல்லில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கணும். 30 கிராமுக்கு 0.3 கிராம் எண்ணெய், 1.2 கிராம் பாலிசார்பேட், மீதி ஜெல். இது 1 சதவீதம். 5 சதவீதம் செய்யணும்னு பிடிவாதம் பிடிச்சா பாலிசார்பேட் மட்டுமே 6 கிராம் ஆகும், முகம் பிசுபிசுன்னு ஒட்டும். ஒரு ராத்திரி அசைக்காம வச்சு மேலே மணி நிற்குதான்னு பாருங்க. நின்னா போடாதீங்க.

செடியிலிருந்து புதுசா வெட்டி எடுத்த கற்றாழையில் இதைக் கலந்து வாரக்கணக்கில் வைக்கிறதும் ஆகாது. டீ ட்ரீ கிருமியைக் கொல்லும்தானே, கெட்டுப்போகாதே என்பார்கள். இந்த அளவில் அது பதப்பொருளுக்கு ஈடாகாது.

ஆவியாளன்:

மேலே இருவரும் அளவைச் சொல்லிவிட்டார்கள். என் பார்வையில் அளவைவிடப் பெரிய வில்லன் பழைய பாட்டில்.

நல்ல எண்ணெயில் வேலை செய்யும் முக்கியப் பொருள் டெர்பினென்-4-ஆல். டீ ட்ரீ எண்ணெய்க்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4730-ன் 2017 பதிப்புப்படி அது 35 முதல் 48 சதவீதம் இருக்க வேண்டும், எண்ணெயில் உள்ள இன்னொரு பொருளான 1,8-சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூடவே ஆல்ஃபா, காமா டெர்பினீன்களும் உண்டு. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் முதலில் கெடுவது இவைதான். இவை மாறி உண்டாகும் பாரா சைமீனின் அளவு ஏறும். ஆக்சிஜன் சேர்ந்த பொருட்களான பெராக்சைடுகளும் அஸ்கரிடோலும் உருவாகும். அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் இந்தப் புதுவரவுகள்தான். அதனால்தான் போன வருடம் ஒத்துக்கொண்ட அதே பாட்டில் இந்த வருடம் அரிப்பைத் தருகிறது.

10 மில்லி பாட்டிலாக, கருப்பு அல்லது பழுப்புக் கண்ணாடியில் வாங்குங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் முகத்துக்கு வேண்டாம். பாதி தீர்ந்த பாட்டிலில் மீதி இடம் முழுக்கக் காற்று என்பதை மறக்க வேண்டாம். ரப்பர் குமிழ் வைத்த டிராப்பரைப் பாட்டிலிலேயே மாட்டி வைக்காதீர்கள். ஆவி பட்டு ரப்பர் ஊதிக் குழைந்துவிடும். வாசனை டர்பென்டைன் போல் மாறினாலோ, துளி பிசினாக ஒட்டினாலோ கெட்டதுதான். வாசனை மாறவில்லை என்பதால் நல்லது என்று அர்த்தமில்லை.

தோல்பிரிவு_செவிலி:

எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு. "ஒத்துக்கலை" என்று இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறார்கள்.

எரிச்சல் என்றால் தடவிய சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் சுரீர் என்று இருக்கும். தடவிய இடத்தோடு நிற்கும், ஓரம் கோடு போட்ட மாதிரி தெரியும். அளவைக் குறைத்தால் மறுபடி வராமல் போகலாம். அலர்ஜி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். முதலில் அரிப்பு, பிறகு பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். தடவாத கண் இமை, கழுத்து வரை பரவலாம். இதற்கு அளவைக் குறைப்பது தீர்வே இல்லை, எண்ணெயை நிரந்தரமாக விட வேண்டும். சோப்பு, ஷாம்பு, பாத ஸ்பிரே, மவுத்வாஷ் எல்லாவற்றின் லேபிளையும் பார்க்க வேண்டும். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். ஆறிய பிறகு கருமை மாதக்கணக்கில் நிற்கும். பருத் தழும்பைப் போக்கப் போய் அதைவிடப் பெரிய தழும்பு வாங்குவது இப்படித்தான்.

சோதனைக்கு 24 மணி நேரம் போதாது. கலந்து முடித்த அதே கலவையை முழங்கை மடிப்பில் காலை, மாலை இருவேளை 7 நாள் தடவவும். தனி எண்ணெயை வைத்துச் சோதிக்கவே கூடாது. அது சுட்டுவிடும், முடிவும் தப்பாகும். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகைப் பரு மருந்து), பென்சாயில் பெராக்சைடு போடும் இரவுகளில் இதைத் தவிர்க்கவும்.

புதுஉறுப்பினர்_77:

அக்கா, பொடுகுக்கும் சேற்றுப்புண்ணுக்கும் போடலாமா?

தோல்பிரிவு_செவிலி:

பொடுகுக்குப் பலன் உண்டு. 2002-ல் வந்த ஆய்வில் 126 பேர் 5 சதவீத ஷாம்புவை நாலு வாரம் போட்டதில் நல்ல குறைவு. 95 கிராம் ஷாம்புவுக்கு 5 கிராம், தலையில் 3 நிமிடம் வைத்து அலசணும். சில ஷாம்பு நீர்த்துப்போகும், பயப்பட வேண்டாம். சேற்றுப்புண்ணில் 10 சதவீத க்ரீம் அரிப்பைக் குறைத்தது, பூஞ்சையை ஒழிப்பதில் வெற்று க்ரீமைவிட மேலாக இல்லை. அதற்குப் பூஞ்சை மருந்தே போடுப்பா.

கலவைமேசை:

குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்க. சில மில்லி உள்ளே போனாலே மயக்கம், தள்ளாட்டம் வரும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரி. பூனை, நாய் மேல் தடவவே கூடாது. கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவணும்.

புதுஉறுப்பினர்_77:

பழைய பாட்டில் பாதி இருக்கு. கொட்டிடவா?

ஆவியாளன்:

சிங்க்கில் ஊற்றாதீர்கள். கண்ணாடி ஜாடியில் ஸ்டிக்கர் உரித்த பசையை அருமையாக எடுக்கும். கையுறை போட்டுத் துடையுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டாம், சில பிளாஸ்டிக் கரைந்துவிடும்.