ஜெல்லிஃபின் ஸ்கேன் சொன்ன நேரத்துக்கு ஓடவில்லை, அவசரம்

வெண்டைக்காய்: வணக்கம். ஜெல்லிஃபினில் (நம் படம், பாட்டுகளை டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்) லைப்ரரி ஸ்கேனையும் (புது ஃபைல் வந்திருக்கிறதா என்று தேடுவது) சப்டைட்டில் தேடலையும் ராத்திரியில் ஓடும்படி வைத்திருக்கிறேன். காலையில்தான் ஓடுகிறது. அம்மா பூஜை முடித்து டிவி முன்னால் உட்காருவார், பாட்டு பாதியில் நின்று வட்டம் சுற்றும். திட்டு எனக்கு. இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி வைத்தாயிற்று. என்ன செய்வது?

கீச்சுக்குரல்: எதில் ஓடுகிறது? எந்தப் பதிப்பு? ராத்திரி என்றால் எத்தனை மணி?

பழையவட்டு: இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? படங்கள் நெட்வொர்க் டிரைவில் இருக்கும். அங்கே வேறு கணினி ஃபைல் போட்டால் ஐநோட்டிஃபைக்கு (ஃபைல் மாறினால் சொல்லும் லினக்ஸ் வசதி) தெரியாது. ரியல்டைம் கண்காணிப்பை அணையுங்கள். முதலில் படியுங்கள், அப்புறம் கேளுங்கள்.

வெண்டைக்காய்: நெட்வொர்க் எல்லாம் இல்லை. யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க், ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி.

ஈரோட்டு எலி: டிஸ்க் தூங்கியிருக்கும். காலையில் டிவி போட்டதும் விழித்துக்கொண்டு ஸ்கேனைத் தொடங்குகிறது. தூங்கவே விடாதீர்கள்.

பழையவட்டு: தூங்குகிற டிஸ்க், கேட்டால் எழுந்துகொள்ளும். வேலையைக் காலைவரை தள்ளிப்போடாது. நாள் முழுக்கச் சுழலவிட்டால் ஆயுள்தான் குறையும்.

ஈரோட்டு எலி: நிறுத்தி நிறுத்தி எழுப்பினால்தான் தேயும். என்னுடையது 2016இலிருந்து நிற்காமல் ஓடுகிறது.

பழையவட்டு: ஒரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு சட்டம் எழுதாதீர்கள்.

கீச்சுக்குரல்: டிஸ்க் சண்டைக்குத் தனி இழை திறங்கள். வெண்டைக்காய், மணி?

வெண்டைக்காய்: 3 மணிக்கு வைத்தேன். "கடைசியாக ஓடியது" என்ற இடத்தில் 8.30 காட்டுகிறது. தினமும் அதே 8.30.

பனங்கிழங்கு: டொக்கரிலா (மென்பொருளைக் கொண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டுவது) ஓடுகிறது? 3க்கும் எட்டரைக்கும் நடுவில் சரியாக ஐந்தரை மணித்தியாலம். இந்தியாவும் இலங்கையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) அவ்வளவுதான் முன்னால். நேர வலயம் சொல்லாத கொண்டெய்னர் யூடிசியில்தான் இருக்கும். ஓடவேண்டிய நேரத்தை சேர்வர் தன் மணியில் பார்க்கும், ஓடிய நேரத்தை பிரவுசர் உங்கள் மணியில் காட்டும். அதுதான் குழப்பம். கொம்போஸ் ஃபைலில் (கொண்டெய்னரின் அமைப்பை எழுதிவைக்கும் ஃபைல்) என்வயரன்மென்ட் பகுதியில் டிஇசட் (நேர வலயம்) போட்டு ஏசியா/கொல்கத்தா என்று கொடுங்கோ (ஆங்கிலத்தில்தான் அடிக்கவேணும்). சும்மா ரீஸ்டார்ட் செய்தால் எடுக்காது, கொண்டெய்னரைத் திரும்ப உருவாக்கவேணும். பிறகு உள்ளே போய் டேட் கட்டளை அடித்து மணி சரியா என்று பாருங்கோ.

பழையவட்டு: டாக்கர் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

ஈரோட்டு எலி: இன்னமும் அவர் டாக்கர் என்று சொல்லவில்லையே.

தேக்காவாசி: நான் சிங்கப்பூர், யூடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால். 3 மணிக்கு வைத்த என்னுடையது காலை 11க்கு ஏன் ஓடுகிறது என்று ஆறு மாதமாகத் தெரியாமல் இருந்தேன். நன்றி பனங்கிழங்கு.

வெண்டைக்காய்: ஆமாம், டாக்கர்தான். நேற்று 3 மணிக்கே ஓடிவிட்டது. அம்மா பாட்டு கேட்கிறார். நன்றி.

கீச்சுக்குரல்: எந்தப் பதிப்பு?