காப்பீடு இல்லாத தெருக்கூத்துக் கலைஞரின் டயாலிசிஸ் செலவுக்கு என்ன வழி?

கேள்வி:
செய்யாறு பக்கம் திரௌபதியம்மன் திருவிழாக்களில் துரியோதனன் வேடம் கட்டிவரும் என் அண்ணனுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டியுள்ளது. தனியார் மருத்துவமனைக் கட்டணத்துக்காகக் கிரீடத்தையும், தோளில் அணியும் புஜக்கட்டையையும் விற்கத் துணிந்துவிட்டார். காப்பீடு எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
தயவுசெய்து அவற்றை விற்க விடாதீர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். டயாலிசிஸும் அதில் அடங்கும்.

பதில் 2:
அதுவரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்கு உடனே மாற்றுங்கள். டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் உடலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.

பதில் 3:
நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் கல்விக்கு அங்கே உதவித்தொகை உண்டு. அப்பா ஆட முடியாத ஆண்டில் அதுவும் பெரிய ஆதரவுதான்.

கேட்டவர்:
நன்றி. நாளைக் காலையில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறேன்.