புதுத் தலைவர் புதுத் திட்டம் எதையும் அறிவிக்கவில்லை

சேவைச் சங்கங்களில் இருப்பவர்கள், இருந்தவர்கள் எல்லோரும் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

ரோட்டரி சங்கத்தில் நான் பல வருட உறுப்பினர், செயலாளராகவும் இருந்திருக்கிறேன். எங்கள் பணியேற்பு விழாக்கள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடக்கும். புதுத் தலைவர் மைக்கைப் பிடித்ததும் தன் ஆண்டின் பெரிய திட்டத்தை அறிவிப்பார். கைதட்டுவோம். மறுநாளே நிதி திரட்டக் கிளம்புவோம். இந்த முறை பொறுப்பேற்றவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். மேடையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "முதல் ஆறு மாதம் புதிதாக எதையும் தொடங்கப் போவதில்லை. எனக்கு முன்னால் இருந்த தலைவர்கள் தொடங்கி வைத்ததெல்லாம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கப் போகிறோம்." கைதட்டல் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

அடுத்த கூட்டத்தில் கேள்விகள் கிளம்பின. "மாவட்ட ஆளுநர் வரும்போது எதைக் காட்டுவது மேடம்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். பல சங்கங்களை மேற்பார்க்கும் ரோட்டரிப் பொறுப்பாளரைத்தான் மாவட்ட ஆளுநர் என்போம். நியாயமான கேள்விதான். எங்கள் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிந்துவிடும். பழகுவதற்கே இரண்டு மூன்று மாதம் போய்விடும், கடைசி இரண்டு மாதம் எல்லோரும் அடுத்த தலைவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நடுவில் கிடைக்கும் சில மாதங்களில் எதையாவது திறந்து வைத்தாக வேண்டும் என்ற அவசரம் எல்லாத் தலைவர்களுக்கும் இருக்கிறது.

தலைவர் பதிலுக்குப் போலியோவை எடுத்துச் சொன்னார். ரோட்டரி 1985இல் போலியோ பிளஸ் திட்டத்தை அறிவித்தது. 1988இல் உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து உலகளாவிய முயற்சியாக அதை எடுத்தபோது 125க்கும் மேற்பட்ட நாடுகளில் போலியோ இருந்தது, ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். இன்றைக்கு இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி விடாமல் பரவிக்கொண்டிருக்கும் நாடுகள் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும்தான். "இந்த நாற்பது வருடத்தில் ரோட்டரியின் உலகத் தலைவர் ஒவ்வொரு ஜூலையிலும் மாறியிருக்கிறார். அவர்களில் யாராவது ஒருவர், அது போன தலைவரின் திட்டம், எனக்கு வேறு வேண்டும் என்று நினைத்திருந்தால்?" என்றார். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. எனக்கு அன்றைக்கே அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

முதலில் போனது ஒரு பள்ளிக்கு. நான்கு தலைவர்களுக்கு முன்னால் நாங்கள் அமைத்துக் கொடுத்த குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் அங்கே இருக்கிறது. சுவரில் பதித்த கல்வெட்டு பளிச்சென்று இருந்தது, யாரோ தினமும் துடைக்கிறார்கள் போல. ஆளுநர், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரிசையாகப் பெயர்கள். பக்கத்தில் இருந்த இயந்திரத்தின் அழுத்தமானியில் முள் பூஜ்யத்தில் நின்றது. பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். குழாயைத் திருகினால் காய்ந்த சத்தம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருகிறார்கள்.

தலைமை ஆசிரியை கோபமாகப் பேசவில்லை. "வடிகட்டி அடைத்துக்கொண்டது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கல்வெட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறது, போன் நம்பர் இல்லையே" என்றார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. தலைவர் மட்டும் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மெக்கானிக் வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன்னால் இருக்கும் வண்டல் வடிகட்டி மலிவானது, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். அதை மாற்றாமல் விட்டதால் உள்ளே இருக்கும் விலை அதிகமான மெம்பரேன் என்ற சவ்வு வடிகட்டியும் வீணாகியிருந்தது. சின்னச் செலவு பெரிய செலவாகிவிட்டது. இயந்திரம் வாங்கிய அன்று பராமரிப்புக்கென்று தனியாகத் தொகை ஒதுக்கி வைத்திருந்தால், மாற்ற வேண்டிய தேதியைப் பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் பிள்ளைகளுக்குத் தண்ணீர் நின்றிருக்காது.

மற்ற இடங்களுக்கும் போனோம். தையல் பயிற்சி மையம் நன்றாக நடக்கிறது. மரக்கன்றுகளில் வேலி இருந்தவை மட்டும் பிழைத்திருக்கின்றன. நூலகத்துக்குக் கொடுத்த கணினிகளைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அவர் தன் திட்டத்தை முழுசாகச் சொன்னார். இனி எந்தத் திட்டத்தின் பட்ஜெட்டிலும் குறைந்தது மூன்று வருடப் பராமரிப்புத் தொகை சேர்ந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு உறுப்பினர்கள் பொறுப்பு, தலைவர் மாறினாலும் அவர்கள் மாறக் கூடாது. கல்வெட்டுக்குக் கீழே போன் நம்பர். இயந்திரத்தின் மேல் தேதி எழுதும் அட்டை. கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் இதை எழுதி வைத்து நடத்திய சங்கத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

உங்கள் சங்கங்களில் எப்படி?

பதில்: அரிமா (லயன்ஸ்) சங்க உறுப்பினர்

அண்ணா, படித்ததும் எங்கள் தலைவர் ஞாபகம்தான் வந்தது. அரிமா சங்கங்களுக்குக் கண் பணி எவ்வளவு முக்கியம் என்று தெரியும். 1925இல் ஹெலன் கெல்லர் எங்கள் மாநாட்டுக்கு வந்து பார்வையற்றோருக்காகப் பணி செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டதிலிருந்து அது எங்கள் ரத்தத்தில் ஊறிய வேலை. கண் சிகிச்சை முகாம் நடத்தாத ஆண்டே எங்களுக்குக் கிடையாது.

புதுத் தலைவர் வந்ததும் ஒரு கேள்வி கேட்டார்: "போன முகாமில் கண்புரை என்று கண்டுபிடித்தவர்களில் எத்தனை பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள்?" முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு எங்களிடம் இருந்தது. இந்தக் கணக்கு இல்லை. பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு வீடாகப் போனோம். ஒரு பாட்டி, சுருக்குப் பைக்குள்ளிருந்து நாங்கள் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினார். நான்காக மடித்து, மடிப்பு கிழிந்து, அப்படியே வைத்திருந்தார். "கூட வர ஆள் இல்லைப்பா. ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருத்தர் வேணும்னு சொன்னாங்க" என்றார். பணம் அவருக்குத் தடையே இல்லை, ஆபரேஷன் இலவசம்தான்.

இந்த ஆண்டு எங்கள் தலைவரின் திட்டம் அந்தத் துணைதான். கார் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பட்டியல் ஒன்று, கூட இருக்கக் கூடியவர்கள் பட்டியல் ஒன்று. கூட்டிப் போய், பக்கத்தில் இருந்து, வீட்டில் கொண்டு வந்து விட வேண்டும். அப்புறம் சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறார்களா என்று போனில் கேட்க வேண்டும். மறு பரிசோதனைக்கும் கூட்டிப் போக வேண்டும். இதில் போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போன உறுப்பினர்கள்கூட இப்போது வேலை கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பாட்டியை அழைத்துப் போனது என் மனைவி. இப்போது வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள்.

பதில்: முன்னாள் தலைவர், வேறொரு ரோட்டரி சங்கம்

எல்லாம் சரி. ஆனால் புதுத் திட்டமே வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சங்கத்தில் இப்போதுதான் சேர்ந்த இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வந்ததும் கையில் பழைய பட்டியலைக் கொடுத்து வடிகட்டி மாற்றச் சொன்னால் எத்தனை பேர் தங்குவார்கள்? எங்கள் சங்கத்தில் ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்டிலிருந்து வந்த ஒரு பெண், பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை ஒலிவடிவில் பதிவு செய்யலாம் என்று யோசனை சொன்னார். நாங்கள் யாரும் யோசிக்காதது. இன்றைக்கு எங்கள் சங்கத்திலேயே நன்றாக நடக்கும் வேலை அதுதான்.

என் வருத்தமெல்லாம் கேட்காமல் தொடங்குவதில்தான். ரோட்டரி அறக்கட்டளையின் குளோபல் கிராண்ட் என்ற பெரிய நிதியுதவி வேண்டுமென்றால் முதலில் அந்த மக்களின் தேவை என்ன என்று கேட்டு ஆய்வு செய்திருக்க வேண்டும் என்பது விதி. சொந்தப் பணத்தில் செய்யும் சின்ன வேலைக்கும் அதே விதியை வைத்துக்கொண்டால் போதும். அந்தப் பெண் யோசனை சொல்வதற்கு முன்னால் மாணவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தார். எந்தப் பாடம், எவ்வளவு வேகம், படங்களை எப்படி விளக்குவது என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

பதில்: ரத்ததான ஒருங்கிணைப்பாளர்

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் சங்கம் நிறுவன நாளன்று பிரம்மாண்ட முகாம் நடத்தும். புதுத் தலைவர் ரத்த வங்கி மருத்துவரிடம் போய், எங்களால் உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். "ஒரே நாளில் குவிக்காதீர்கள்" என்றார் அவர். தட்டணுக்கள் ஐந்து நாள் அளவுக்குத்தான் தாங்கும், சிவப்பணுக்களும் அதிகபட்சம் 42 நாள்தான். விழா முடிந்து இரண்டு மாதம் கழித்து விபத்தில் அடிபட்டு வருபவருக்கு அந்த ரத்தம் உதவாது. இப்போது முகாமை ஆண்டு முழுக்கப் பிரித்து, சின்னச் சின்னதாக நடத்துகிறோம். மேடை கிடையாது. தேதியை ரத்த வங்கிதான் சொல்கிறது.

பதில்: அரிமா சங்கப் பொருளாளர்

பராமரிப்புத் தொகை பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அமைப்பில் நிர்வாகக் கணக்கு தனி, சேவைக் கணக்கு தனி. பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைச் சங்கத்தின் சொந்தச் செலவுக்குத் தொடவே கூடாது. விழா, சாப்பாடு, நினைவுப் பரிசு எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்துதான். புதுத் தலைவர் பணியேற்பு விழாவை எளிமையாக நடத்தினால் மிச்சமாவது சந்தாப் பணம், அதை வேண்டுமானால் சேவைக்குத் திருப்பலாம். எங்கள் தலைவர் அப்படித்தான் செய்தார். நினைவுப் பரிசு ஒன்றுகூட வாங்கவில்லை, யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. உங்கள் தலைவர் பராமரிப்புக்கென்று தனித் தலைப்பில் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். பொதுவில் கலந்து கிடந்தால் அடுத்த ஆண்டு யாராவது எடுத்துச் செலவழித்துவிடுவார்கள்.

மீண்டும் நான்

பொருளாளர் சொன்னதை அப்படியே தலைவரிடம் காட்டினேன். தனித் தலைப்பில் கணக்கு வைக்க ஒப்புக்கொண்டார். முன்னாள் தலைவர் சொன்னதும் சரிதான். அடுத்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு புது வேலை எடுக்கலாம், அதைப் புது உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் முதலில் போய்க் கேட்டுவிட்டு வரட்டும் என்கிறார் எங்கள் தலைவர்.

பள்ளியில் தண்ணீர் வருகிறது. அட்டையில் முதல் தேதியைத் தலைமை ஆசிரியையே எழுதினார். இப்போது எங்கள் தலைவர் அடுத்த ஆண்டுத் தலைவரையும் அதற்கடுத்த ஆண்டுக்குத் தேர்வானவரையும் கூட்டங்களில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்கிறார், மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பெரிய செலவு நடக்கும். ஜூனில் பொறுப்பை ஒப்படைக்கும்போது கொடுக்க ஒரு படிவம் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்: திட்டம், இடம், பொறுப்பாளர், கடைசியாகப் பார்த்த தேதி, மீதித் தொகை. இதில் வேறு என்ன சேர்க்க வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். ஏற்கெனவே இப்படிப் படிவம் வைத்திருக்கும் சங்கங்கள் இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள்.