பழைய கீபோர்ட்டைப் புதுக் கணினியில் கொழுவலாமா?

கல்லடியிலிருந்து கேட்கிறேன். அப்பா தட்டச்சுக் கடை வைத்திருந்த காலத்துக் கீபோர்ட் இது. பாமினி என்ற தமிழ் எழுத்துருவின் எழுத்துகளை விசைகளில் அவரே வெட்டி ஒட்டினார். எஃப் விசையில் 'க' பாதி அழிந்துவிட்டது. வயர் முனை வட்டம், ஐந்து ஊசி. புதுக் கணினியில் யூஎஸ்பி மட்டும்தான். இந்த முனையைச் சின்ன வட்ட முனையாக்கும் முனை மாற்றி ஒன்றும், அதை யூஎஸ்பியில் செருக ஊதா அடாப்டர் ஒன்றும் போட்டுக் கொழுவினேன், ஒரு விசையும் வேலை செய்யவில்லை. எனக்கு இதில்தான் கை ஓடும்.

கல்முனை:
தங்கச்சி, கீபோர்ட்டை எறிந்துவிடாதீர்கள். அந்த ஊதா அடாப்டருக்குள் வெறும் வயர்தான். யூஎஸ்பியும் தெரிந்த கீபோர்ட்டுக்கே அது சரிவரும். உங்களுடையதற்கு, கீபோர்ட் அனுப்புவதை யூஎஸ்பிக்கு மாற்றிக் கொடுக்கும் சிப் உள்ள ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். முனை மாற்றி அப்படியே இருக்கட்டும். அப்புறம், கீபோர்ட்டின் அடியில் எக்ஸ்டி, ஏடி என்று இரண்டு பழைய கணினி வகைகளுக்கான சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் ஏடி பக்கம் தள்ளுங்கள்.

காத்தான்குடி:
நம்ம கடற்காற்றுக்கு ஊசியில் பச்சை பிடித்திருக்கும், துடையுங்கள். எல்லாவற்றையும் பொருத்திவிட்டு யூஎஸ்பியைக் கடைசியாகச் செருகுங்கள்.

கல்லடி:
அண்ணா, சுவிட்ச் எக்ஸ்டியில்தான் கிடந்தது! தள்ளினேன், கன்வெர்ட்டரும் இன்று வந்தது. பாமினியை எடுத்து எஃப்பைத் தட்டினேன், 'க' விழுந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.