ஓட்டத்தை நிறுத்திய சைக்கிள் வீரர் யாரையாவது நேரில் பார்த்ததுண்டா?

வாரயிறுதி_மிதி

2024 நவம்பர் 10, சிங்கப்பூர் மரினா பேயில் கிரிட்டீரியம், அதாவது சின்னச் சுற்றுப்பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டும் சைக்கிள் பந்தயம். அதற்கு முந்தின நாள்தான் பிரிட்டிஷ் வீரர் மார்க் கேவென்டிஷ் இதுவே தன் கடைசி ரேஸ் என்று அறிவித்திருந்தார், விடுவேனா, மகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். அவளுக்கு ஏழு வயது, சைக்கிளெல்லாம் பெரிதாகப் பிடிக்காது, மைலோ ஐஸ் வாங்கித் தருகிறேன் என்றதால்தான் வந்தாள். தொடங்கும் முன் மற்ற ஓட்டுநர்கள் இரண்டு பக்கமும் நிற்க அவர் நடுவே வந்தது நன்றாகத் தெரிந்தது. அப்புறம் கடைசிச் சுற்றுக்குத் தடுப்புக் கம்பியை ஒட்டி நல்ல இடமாகப் பிடித்தேன், முடிவுக்கோடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

கூட்டம் கத்துகிறது, சக்கரச் சத்தம் நெருங்குகிறது, அந்த நேரம் பார்த்து மகள் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் நழுவிக் கம்பிக்கு அடியில் ரோட்டுப் பக்கமாக உருள்கிறது. குனிந்து பிடித்தேன். நிமிர்ந்தால் எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள், முதுகுகள்தான். 2008ல் அவர் டூர் டி பிரான்ஸில் முதல் முறை ஒரு கட்டத்தை ஜெயித்ததிலிருந்து இரவு வேளையில் சோறு தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தவன் நான். எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகளைத் தாண்டி 35 எடுத்த மனிதர், டி லீ, பிலிப்சன் மாதிரிப் பையன்களைப் பின்னால் விட்டுக் கடைசித் தடவையாக முதலில் வருகிறார். நான் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீடு திரும்பும்போது ரயிலில் மகள் கேட்டாள்: "அப்பா, அந்த அங்கிள் நாளைக்கு எந்த வேலைக்குப் போவாரு?" தூங்குவாரும்மா என்று சொல்லிச் சமாளித்தேன். போத்தல் கதையைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது, இந்தக் கேள்விதான் போக மாட்டேன் என்கிறது. நிறுத்தியவர்கள் யாரையாவது பார்த்துப் பேசியிருந்தால் எழுதுங்களேன்.

மூன்றாம்_கியர்

போத்தலுக்காக வருத்தப்படாதீர்கள் சார். சீசன் முடிந்தபிறகு நடக்கும் கிரிட்டீரியம் காட்சிப் போட்டிதான். யார் முதலில் வரவேண்டும் என்பதில் ஓட்டுநர்களுக்குள் ஒரு புரிதல் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். விடைபெறுகிறவரை மூன்றாவதாக வரவிடுவார்களா? நீங்கள் தவறவிட்டது ஒரு பிரிவுபசார விழாவின் கேக் வெட்டும் நேரத்தை, அவ்வளவுதான்.

உண்மையான கடைசி என்றால் ஜெர்மன் வீரர் கிட்டலைப் பாருங்கள். டூரில் 14 கட்ட வெற்றி, 2017ல் மட்டும் ஐந்து. 2019 மே மாதம் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு ஆகஸ்டில் போதும் என்றுவிட்டார். வயது 31. எலும்பு முறியவில்லை, ஊக்கமருந்து வழக்கு இல்லை. பிறக்கப்போகும் மகன் வளர்வதை ஸ்கைப்பில் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார், வலியைத் தாங்கும் ஆசையும் போய்விட்டது. நெதர்லாந்தின் டுமுலானும் இப்படித்தான். 2017ல் ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தை ஜெயித்தவர், 2021 ஜனவரியில் பயிற்சி முகாமிலிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஓய்வெடுத்துத் திரும்பி வந்து அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் நேர ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார், சரி, தேறிவிட்டார் என்று எல்லாரும் நினைத்தோம், 2022ல் மொத்தமாக நிறுத்திவிட்டார். அவருக்கும் 31. இவர்களுக்கு யாரும் இரண்டு பக்கமும் நின்று கை தட்டவில்லை.

என் அனுபவமா? 2022 அக்டோபரில் இத்தாலிய வீரர் நிபாலி இங்கே வந்து ஓட்டினார். அதே மாதம்தான் லொம்பார்டியாவில் தன் கடைசிப் பெரிய ரேஸை முடித்திருந்தார். மழை வரும்போல இருந்தது, நான் போகவில்லை.

வாரயிறுதி_மிதி

கேக்கோ என்னவோ, வெட்டுவதைப் பார்க்கத்தானே சார் போனேன். அப்புறம், அவருக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல் பேச வேண்டாம். 2022 கடைசியில் அவர் சேர இருந்த பிரெஞ்சு அணி விளம்பரதாரர் கிடைக்காமல் கலைந்தே போனது, கையில் ஒப்பந்தமில்லாமல் நின்றார். 2023 டூரில் எட்டாம் கட்டத்தில் விழுந்து காறையெலும்பு போய்விட்டது, அதுவே கடைசி டூர் என்று வேறு முன்பே சொல்லியிருந்தார். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. இன்னொரு வருடம் வந்தார்.

கடைப்பையன்

மகள் கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, பெரிய பெயர் இல்லை. நான் சைக்கிள் கடையில் வேலை செய்கிறேன். போன வருடம் ஓர் ஆள் சைக்கிள் விற்க வந்தார், நம் வட்டாரத்தில் ஒரு கான்டினென்டல் அணிக்கு இரண்டு சீசன் ஓட்டியவர். கான்டினென்டல் என்றால் மூன்றாம் படி. மேல்படியான வேர்ல்ட் டூர் மாதிரி குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று அங்கே கிடையாது, சிலருக்குச் சாப்பாடும் டிக்கெட்டும் பரிசுப் பணத்தில் பங்கும்தான். இவரை யாரும் வெளியே அனுப்பவில்லையாம். நவம்பர் முடிந்தது, டிசம்பர் வந்தது, அடுத்த வருடத்துக்கு என்று மெசேஜ் மட்டும் வரவில்லை. அணி சைக்கிளை வாங்கிக்கொண்டார்கள், இது அவருடைய சொந்தச் சைக்கிள்.

விலை பேசி முடித்துவிட்டோம், 54 சைஸ், நன்றாக வைத்திருந்தார். நான் ஸ்டாண்டில் மாட்டப் போகிறேன், "ஒரு நிமிஷம் தம்பி" என்று நிறுத்தினார். சீட் போஸ்ட்டில் கறுப்பு டேப் ஒரு சுற்று ஒட்டியிருந்தது. தெரியும்தானே, சீட் உயரத்துக்கு அடையாளம், விமானத்தில் கழற்றி மாட்டும்போது ஒரு மில்லிமீட்டர்கூட மாறக்கூடாது என்று ஒட்டுவார்கள். அதை நகத்தால் கிளறிக் கிளறி உரித்தார். பிசுபிசுவென்று வரவே இல்லை, நான் ஸ்ப்ரே எடுத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். ஐந்து நிமிடம் இருக்கும். உரித்த டேப்பைச் சுருட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். "இந்த ஹைட் என்னோடது, வாங்குறவங்களுக்கு எதுக்கு" என்று சிரித்தார். பணத்தை எண்ணக்கூட இல்லை.

இப்போது விமானச் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை பார்க்கிறாராம்.

பொங்கோல்_அக்கா

எங்கள் வீட்டுக் கதை. தம்பி ஜூனியர் பிரிவில் ஓட்டிக்கொண்டிருந்தான், தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடிந்ததும் வெளிநாட்டில் ஏதாவது அணியில் சேரவேண்டும் என்று ஒரே கனவு. இரண்டு வருட சேவையால் கால் போய்விடும் என்றுதான் எல்லாரும் பயமுறுத்தினார்கள், அது ஒரு பக்கம். கடைசியில் சேவைக்கு முந்தைய மருத்துவச் சோதனையில் ஈசிஜி எடுத்தபோதுதான் வேறு விஷயம் தெரிந்தது. இதயத் தசை தடித்திருக்கிறது. அப்புறம் ஸ்கேன், அப்புறம் இன்னொரு ஸ்கேன், போட்டி வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். அம்மா தெய்வத்துக்கு நன்றி சொன்னார், இவன் வாயையே திறக்கவில்லை.

அவனுக்கு இத்தாலிய வீரர் கோல்பிரெல்லி என்றால் உயிர். 2021 அக்டோபரில் சேறு அப்பிய முகத்தோடு பாரி ரூபே பந்தயத்தை ஜெயித்த அந்தப் படம் அவன் அறையில் ஒட்டியிருக்கும். ஆறே மாதத்தில், 2022 மார்ச்சில், ஸ்பெயினில் காட்டலுன்யா பந்தயத்தின் முதல் கட்டத்தில் இரண்டாவதாக வந்து கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார், இதயம் நின்றுவிட்டது, ஷாக் கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். உடம்புக்குள் டிஃபிப்ரிலேட்டர் வைத்தபிறகு இத்தாலியில் ரேஸ் ஓட்ட அனுமதி இல்லை, வருடக் கடைசியில் ஓய்வு அறிவித்தார். தம்பி அந்தப் படத்தைக் கிழிப்பான் என்று பார்த்தேன், கிழிக்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருக்கும், சனிக்கிழமை ராத்திரி குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே உட்கார்ந்து காலை ஷேவ் பண்ணிக்கொண்டிருக்கிறான். ஞாயிறு காலை ஓட்டத்துக்கு முன்னால் எப்போதும் செய்வதுபோல், கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, மெதுவாக. ஏன்டா என்று கேட்டுவிட்டேன். "முடி இல்லாட்டித்தான் விழுந்தா காயத்த கழுவ ஈஸி, அக்கா" என்றான். சைக்கிள் அப்போது கட்டிலுக்கு அடியில், சக்கரம் கழற்றிக் கிடந்தது. கேட்டிருக்கக் கூடாது.

லிம்சூகாங்_மாமா

அம்மா, தம்பிக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்பட வேண்டாம். நானும் லிம் சூ காங்கில் ஈர இலையில் சறுக்கி விழுந்து காறையெலும்பை உடைத்துக்கொண்டவன்தான், ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. தம்பியிடம் சொல்லுங்கள், முதலில் வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டட்டும், மார்பில் பட்டை கட்டி இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டு, சோன் 2, அதாவது மிதமான துடிப்பு அளவுக்கு மேலே போகாமல். அப்புறம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மெதுவாக. தனியாகப் போகக் கூடாது, கூட்டமாகவும் கூடாது, 2022 ஜனவரியிலிருந்து ரோட்டில் ஐந்து சைக்கிள் நீளத்துக்கு மேல் கூட்டமாகப் போனால் அபராதம், 150 வெள்ளி (டாலர்). காலையில் கோப்பி குடிக்காமல் கிளம்பச் சொல்லுங்கள். விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் சைக்கிள் பந்தயத்தை விலக்கியிருக்கிறார்களா என்று சின்ன எழுத்தில் பாருங்கள், என் மச்சானுக்கு அங்கேதான் மாட்டியது. சிபிஎஃப் சேமிப்புப் பணத்தில் ஸ்கேன் செலவைக் கழிக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். இன்னொன்று, நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் தசை இளகும், இதயமும் தசைதானே. சைக்கிளை விற்க வேண்டாம், சீட் உயரத்தைக் கொஞ்சம் இறக்கி, ஹேண்டிலைத் தூக்கிவிட்டால் குடும்பச் சைக்கிள் ஆகிவிடும், மார்க்கெட்டுக்குப் போக...

பொங்கோல்_அக்கா

மாமா, அவன் கார்டியாலஜிஸ்ட் சொல்வதைக் கேட்டு நடக்கிறான், அது போதும். நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை.

மூன்றாம்_கியர்

நல்லெண்ணெயா?

அக்கா, முதல் பதிவில் கொஞ்சம் விறைப்பாக எழுதிவிட்டேன். கிட்டல், டுமுலான் எல்லாம் தாங்களாக இறங்கினார்கள். உங்கள் தம்பியை இறக்கிவிட்டார்கள். இரண்டையும் நான் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கக் கூடாது. கடைப்பையன், அந்த 54 சைஸ் இன்னும் இருக்கிறதா?

கடைப்பையன்

போய்விட்டது சார், மூன்றாவது வாரமே. வாங்கியவர் ஐடி வேலை, முதல் ரோட் பைக். டேப்பை உரித்த இடத்தில் சீட் போஸ்ட் ஒரு கோடு மட்டும் வெயில் படாமல் புதுசாக, கறுப்பாக இருக்கும், மற்ற இடமெல்லாம் மங்கிப்போயிருந்தது. அதைக் காட்டி, இங்கே ஏதோ அடிபட்டிருக்கு என்றார். இல்லை சார், அது உயரத்துக்கு வைத்த அடையாளம் என்று விளக்கினேன். நம்பவில்லை. 50 வெள்ளி குறைத்துக் கொடுத்தேன்.