ஒரே பாத்திரத்தில் சீஸ் பாஸ்தா: பால் திரியாமல், சீஸ் உருளாமல் வர வழி சொல்லுங்கள்

காரைக்குடி_அடுப்படி:

வேலை முடிந்து வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சூடாக, வயிறு நிறைய ஏதாவது வேண்டும், அவர்கள் கேட்பது பெரும்பாலும் சீஸ் போட்ட பாஸ்தா. தனியாக வேகவைத்து வடித்து, இன்னொரு சட்டியில் சாஸ் கிளறி, அப்புறம் இரண்டையும் சேர்ப்பதெல்லாம் அந்த நேரத்துக்கு ஒத்துவராது. அதனால் அடிகனமான ஒரே பாத்திரத்தில் வெங்காயம், தக்காளி வதக்கி, பாலும் தண்ணீரும் ஊற்றி, பாஸ்தாவைப் போட்டு, அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே சீஸையும் துருவிப் போட்டுவிடுகிறேன். பால் அங்கங்கே திரிந்து நிற்கிறது, சீஸ் ஜவ்வாக உருண்டு கரண்டியில் சுற்றிக்கொள்கிறது, மேலே எண்ணெய் பிரிந்து மிதக்கிறது. ருசிக்குக் குறையில்லை, அந்த வழவழப்புதான் வரமாட்டேன் என்கிறது.

எந்தச் சீஸ் நல்லது, தண்ணீர் எவ்வளவு, குக்கரில் வைக்கலாமா? பிள்ளைகளின் அப்பத்தாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். சுத்த சைவம், கடித்து மெல்ல முடியாது. அவர்களுக்கும் பிடிக்கிற மாதிரி நம்ம ஊர் மசாலா வாசம் கொஞ்சம் காட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை_ஆச்சி:

முதலில் தக்காளியை எடுத்துவிடுங்கள் தங்கச்சி. தக்காளிப் புளிப்போடு பாலைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரியத்தான் செய்யும். நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும் பரங்கிக்காய் போடுங்கள். தோல் சீவிச் சின்னச் சின்னதாக நறுக்கிப் போட்டால் பாஸ்தா வேகிற நேரத்துக்குள் அதுவும் கரைந்து சாஸோடு சேர்ந்துவிடும். பிள்ளைகளுக்குக் காய் போட்டதே தெரியாது, அப்பத்தாவுக்கும் மெல்லும் வேலை இருக்காது.

அடுத்தது சீஸ். கொதிக்கிற எதிலும் சீஸைப் போடக்கூடாது. சூடு ஏறினால் அதிலுள்ள புரதம் இறுகிக்கொண்டு கொழுப்பை வெளியே தள்ளிவிடும், மேலே மிதக்கிறது என்கிறீர்களே, அந்த எண்ணெய் அப்படி வந்ததுதான். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, கொதி அடங்கி ஆவி மட்டும் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். முதல் பிடி கரைந்த பிறகே அடுத்த பிடி.

எங்கள் வீட்டு அளவு இது. 200 கிராம் பாஸ்தாவுக்கு அரை லிட்டர் தண்ணீர். வெண்ணெயில் பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயமும் நாலைந்து பல் பூண்டும் பொடியாக நறுக்கி வதக்கி, பரங்கிக்காயைப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி, தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் பாஸ்தா. அடுப்பு மிதமாக எரியட்டும், பாதி மூடிவைத்து இடையிடையே அடி வரை கிளறிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் முக்கால்வாசி வற்றி, பாஸ்தா கடித்தால் நடுவில் கொஞ்சம் அழுத்தம் இருக்கும் பதத்தில், காய்ச்சி ஆறவைத்த பால் 150 மில்லி. பாலில் ஒரு சின்ன ஸ்பூன் சோள மாவு கரைத்துவிட்டால் பிறகு திரிவது பற்றிய பயமே வேண்டாம். இரண்டு நிமிடம் லேசாகக் கொதித்ததும் இறக்கி, 80 கிராம் சீஸ். உப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில், ருசி பார்த்து. சீஸிலேயே நிறைய உப்பு இருக்கிறது.

பாத்திரம் கழுவுவது குறைகிறது என்பதற்காகவே பலரும் இந்த முறைக்கு வருகிறார்கள். எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேறு, பாஸ்தா விடுகிற மாவுச்சத்து வடிநீரோடு சாக்கடைக்குப் போகாமல் பாத்திரத்திலேயே நிற்கிறது. நாம் மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுகிறோமே, அது குழம்பைக் கூட்டிப் பிடிப்பது போலத்தான் இதுவும் சீஸின் கொழுப்பு பிரியாமல் பிடித்துவைக்கிறது. அதனால்தான் தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்கிறேன்.

வேதியியல்_மாணவன்:

அக்கா, ஆச்சி சொன்னதோடு எந்தச் சீஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தேவைக்குக் கடையில் கட்டியாகவோ டின்னிலோ கிடைக்கிற சாதாரண ப்ராசஸ்டு சீஸ்தான் சரி. அதை மட்டமாக நினைக்கவே வேண்டாம். 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் எமென்டால் சீஸை சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்து உருக்கினார்கள், எண்ணெய் பிரியாமல் அப்படியே குழைந்து வந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் தன்னுடைய முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உப்பு, சீஸில் இருக்கும் கேசின் புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது, கட்டு தளர்ந்த புரதம் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இப்போதும் ப்ராசஸ்டு சீஸில் இந்த வகை உப்புகள் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் சூடு கூடினாலும் அது தாங்கும்.

நாள்பட்ட செடார் ருசியில் ஒரு படி மேல், ஆனால் சீக்கிரம் பிரிந்துவிடும். வாசத்துக்கு வேண்டுமானால் கால் பங்கு அது, முக்கால் பங்கு ப்ராசஸ்டு என்று கலந்துகொள்ளலாம். பீட்சாவுக்குப் போடுகிற மொசரெல்லா நூல் நூலாக இழுக்கும், சாஸ் ஆகாது, கரண்டியில் சுற்றியது அதுவாகக்கூட இருக்கலாம். பனீர் எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது, அது புளிப்பு விட்டுத் திரித்தது. துண்டு போட நல்லது, அவ்வளவுதான்.

பாஸ்தாவிலும் கவனம் வேண்டும். பாக்கெட்டின் பின்னால் டுரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பாருங்கள். அது ஒரே பாத்திரத்தில் கிளறினாலும் வடிவம் குலையாது. மைதாவில் செய்து சில்லறையாக விற்கிறார்களே, அது ஒரு நிமிடம் கூடினாலும் களியாகிவிடும். நாங்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம், ஒரே இண்டக்‌ஷன் அடுப்பு, இருப்பதும் ஒரு சட்டிதான். டுரம் பாஸ்தாவும் ப்ராசஸ்டு சீஸும் இருந்தால் பரீட்சை நேரத்து ராத்திரிச் சாப்பாடு பற்றிய கவலையே இல்லை.

கானாடுகாத்தான்_சமையல்கட்டு:

குக்கரில் தாராளமாக வைக்கலாம். ஆறரைக்கு வீடு வருகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்பேன், நின்று கிளறவேண்டியதில்லை. வதக்குவதெல்லாம் அதே முறைதான். பாஸ்தா மூழ்கி அரை விரல் மேலே நிற்கிற அளவு தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய், மிதமான தீயில் ஒரே ஒரு விசில், உடனே அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மிச்ச ஆவியை மெல்ல எடுத்துவிட்டுத் திறந்து, பாலை ஊற்றி ஒரு கொதி விட்டு, இறக்கிச் சீஸ்.

பால், சீஸ் இரண்டையும் மூடுவதற்கு முன் போடவே கூடாது. இன்னொன்று, பாஸ்தா கஞ்சி நுரைத்துப் பொங்கும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் அந்த நுரை வெயிட் போடும் துளையில் ஏறி அடைத்துக்கொள்ளும், அது ஆபத்து. வெயிட்டைத் தூக்கும்போது ஆவிக்குப் பதில் நுரை வந்தால் விட்டுவிடுங்கள், தானாக அடங்கட்டும். சேமியா மாதிரி மெல்லிசான பாஸ்தாவுக்குக் குக்கரே வேண்டாம். பென்னே, வளைந்த மக்ரோனி மாதிரிக் கனமானது மட்டும்.

காரைக்குடி_அடுப்படி:

எல்லோருக்கும் நன்றி. நான் வாங்கி வைத்திருப்பது மொசரெல்லாதான், பாக்கெட்டைப் பார்த்தேன். அந்த மசாலாக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? கறிமசால் பொடி ஒரு ஸ்பூன் போடலாமா?

புதுவயல்_மிளகு:

கறிமசால் பொடி போடாதீர்கள். அதில் மல்லியும் மிளகாயும்தான் கூடுதல், பால் சாஸில் அது வண்டல் போல அடியில் தங்கிப் பச்சை வாடை அடிக்கும். சீஸ் வேறு மிளகாய்க் காரத்தை அமுக்கிவிடும், காரம் தெரியவில்லையே என்று மேலும் மேலும் போடத் தோன்றும். சீஸுக்குப் பொருந்துவது மிளகு. ரோமாபுரியில் காச்சியோ எ பேப்பே என்று ஒரு பாஸ்தா உண்டு, பெக்கோரினோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவேதான் அதில். மிளகை நாம் கையாளுகிற மாதிரியே அவர்களும் வறுத்து, கொரகொரப்பாக உடைத்துப் போடுகிறார்கள்.

வெண்ணெய் உருகியதும் அரை ஸ்பூன் சோம்பு, விரல் நகம் அளவு கல்பாசி ஒன்று. கல்பாசி வாசம் ஏறியதும் அதை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், இருந்தால் கசந்துவிடும். அப்புறம் ஒரு இணுக்குக் கறிவேப்பிலை, அதன் பிறகு ஆச்சி சொன்ன சின்ன வெங்காயம், பூண்டு. மிளகை வெறும் சட்டியில் வறுத்து உடைத்து, சீஸ் கரைந்த பிறகு மேலே தூவுங்கள், முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசம் போய்விடும். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ எதுவும் இதற்கு வேண்டாம், சோம்பும் மிளகும் போதும். புளி பக்கமே போகக்கூடாது.

அப்பத்தா சைவம் என்றீர்கள். வெளிநாட்டுச் சீஸ் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். அசல் பார்மேசானில் உறை சேர்ப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் கவலை இல்லை.

தேவகோட்டை_ஆச்சி:

மொசரெல்லாவை வீணாக்காதீர்கள், மறுநாள் தோசை மேல் துருவிப் போடலாம். அப்பத்தாவுக்குத் தனியாக எடுத்துவைப்பதை இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிட்டு, மறுபடி ஒரு கரண்டி பால் விட்டுத் தளர்த்திக் கொடுங்கள், தொண்டையில் அடைக்காமல் இறங்கும். ராத்திரி மிஞ்சியதைக் காலையில் பள்ளிக்கூட டப்பாவில் போடுவதாக இருந்தால் ஒன்று கவனிக்கவேண்டும், பாஸ்தா இறக்கிய பிறகும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சீஸும் ஆறினால் கட்டிப்படும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே சூடாக்கினால் திரும்பவும் எண்ணெய் பிரியும். சட்டியில் முதலில் கால் டம்ளர் பாலைச் சூடாக்கி, அதில் இதைப் போட்டுச் சிறு தீயில் கிளறுங்கள், சாஸ் இளகியதும் எடுத்துவிடுங்கள். டப்பாவுக்குப் போடும்போது சாப்பிடும் பதத்தைவிடக் கொஞ்சம் தண்ணியாகவே இருக்கட்டும், மத்தியானம் பிள்ளைகள் திறக்கும்போது சரியாக வந்துவிடும்.