மறு: காந்தக் குவியமா, காந்தக் கட்டா?

வணக்கம்.

முந்தைய மடலில் periodic permanent magnet focusing என்பதற்குத் தமிழாக 'ஆவர்த்தன நிலைக்காந்தக் குவியம்' என்று வந்திருந்தது. அகராதிப்படி பிழை இல்லை. ஆனால் எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு மைக்ரோ அலைகளைப் பெருக்கும் வெற்றிடக் குழாயான கிளைஸ்ட்ரானுக்குள் நடப்பது வேறு.

குவியம் என்றதும் லென்சுதான் நினைவுக்கு வரும். கதிர்கள் ஒரு புள்ளியில் சேரும். இங்கே எலக்ட்ரான் கற்றை எந்தப் புள்ளியிலும் சேர வேண்டாம். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் கற்றை போகப்போக விரியும்; குழாயின் சுவரில் பட்டால் அதன் செம்பே உருகக்கூடும். கடைசிவரை அதைப் பருக்கவிடாமல் கொண்டுபோவதுதான் காந்தத்தின் வேலை. வைக்கோல் கற்றையை என்ன செய்கிறோம்? கட்டுகிறோம். அதனால்தான் 'காந்தக் கட்டு' என்கிறேன். 'காந்த அணைப்பு' அழகான சொல். ஆனால் விளக்கை அணைப்பதுபோல மின்சாரத்தை நிறுத்துவதாகப் படித்துவிடுவார்கள்.

கட்டு என்றால் எலக்ட்ரான்கள் திரள் திரளாகச் சேர்வதோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அது நீளவாக்கில் நடப்பது, அதற்குக் 'கொத்து' இருக்கட்டும். கட்டு என்பது குறுக்குவாக்கில் மட்டும்.

'ஆவர்த்தன', 'காலமுறை' இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. இங்கே காலத்தோடு எதுவும் மாறுவதில்லை. வளையக் காந்தங்களை வடக்குக்கு எதிரே வடக்கு, தெற்குக்கு எதிரே தெற்கு என்று, இடையில் இரும்புத் தட்டு வைத்து அடுக்குகிறார்கள். புலம் தூரத்தோடுதான் திசை மாறுகிறது. கற்றையை உள்ளே அழுத்தும் விசை புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் திசை மாறினாலும் பிடி விடுவதில்லை. ஆகவே 'மாற்றடுக்குக் காந்தக் கட்டு'. காந்தத்துக்குப் பதில் வரிச்சுருளால், அதாவது மின்னோட்டம் பாயும் கம்பிச் சுருளால், செய்தால் 'சுருள் கட்டு'.

செலவு குறைவதும் இந்த அடுக்கால்தான். ஒரே திசையில் புலம் தரும் நீண்ட காந்தத்தைப் பத்து முறை திசை மாறும் அடுக்காக்கினால், எடை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். செயற்கைக்கோள்களில் பறக்கும் பயண அலைக் குழாய்கள் (மைக்ரோ அலைகளைப் பெருக்கும் இன்னொரு வகைக் குழாய்) இப்படித்தான் கட்டப்படுகின்றன. பெரிய குழாய்களில் மிச்சமாவது மின்சாரம். 1990-களில் ஸ்டான்ஃபோர்டு முடுக்கி மையம் ஆயிரக்கணக்கான கிளைஸ்ட்ரான்கள் தேவைப்படும், துகள்களை மோதவிடும் மோதுவியைத் திட்டமிட்டது. கிளைஸ்ட்ரானுக்குத் தரும் மின் துடிப்பு ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரோநொடிதான். சுருளோ நாள் முழுக்கப் பல கிலோவாட் குடிக்கும், அதற்குக் குளிர்நீர் வேறு. அதனால் 11.4 கிகாஹெர்ட்சில் 50 மெகாவாட் குழாயையே சமாரியம் கோபால்ட் நிலைக்காந்த அடுக்கால் கட்டிக் காட்டினார்கள்.

மாற்றடுக்கில் ஒரு தொல்லை உண்டு. துடிப்பின் மின்னழுத்தம் ஏறும்போதும் இறங்கும்போதும், வேகம் குறைந்த எலக்ட்ரான்கள் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்த வரம்பில் நிலைகுலைந்து சிதறும். ஆங்கிலத்தில் stop band எனப்படும் இதைத் 'தடைப்பட்டை' என்றால் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று புரியாது. கட்டு என்று வைத்துக்கொண்டால் 'கட்டு அவிழ்கிறது' என்று தானாக வரும். 'அவிழ் பட்டை' என்கிறேன்.

இன்னும் ஒன்று மீதி. சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கலாம். காந்த அடுக்கில் அது முடியாது. சின்ன இரும்புத் துண்டுகளை வெளியே ஒட்டி, நகத்தளவு நகர்த்தி, சுவருக்குப் போகும் மின்னோட்டம் குறைகிறதா என்று மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே சரிசெய்வார்கள். அந்தத் துண்டுக்கு 'ஆப்பு' என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அது எதையும் பிளப்பதும் இல்லை, இறுக்குவதும் இல்லை. பட்டறைப் பேச்சில் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள்.